சிவப்பு தெரிஞ்சா துடிக்குதுன்னு அர்த்தமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன இதழ் மூளை கட்டுரையில "ஸ்கேனில் சிவப்பாகத் தெரியும் இடத்தில் நரம்பு செல்கள் சுறுசுறுப்பாகத் துடிக்கின்றன"ன்னு ஒரு வரி. படிச்சதுலேர்ந்து மனசு ஆறல. நான் 14 வருஷமா எம்ஆர்ஐ டெக்னீஷியன். அந்த சிவப்பு துடிப்பு இல்லங்க, ரத்தம். ஆக்ஸிஜன் இழந்த ரத்தம் காந்தத்துல வேற மாதிரி நடந்துக்கும், அந்த வித்தியாசத்தத்தான் மெஷின் புடிக்குது, கலர் பூசறது சாஃப்ட்வேர். 1990லயே செய்ஜி ஒகாவாங்கற ஜப்பான் விஞ்ஞானி காட்டினது, உங்களுக்குத் தெரியாததில்ல.

சிறுமூளையில இன்னும் சிக்கல். வலது கை விரலத் தட்டச் சொன்னா பெருமூளையில இடது பக்கமும் சிறுமூளையில வலது பக்கமும் கலர் வரும், எத்தனையோ தடவ பாத்திருக்கேன். அதுக்கு அடியில என்ன நடக்குதுன்னு 1998ல டென்மார்க்ல லாரிட்ஸன்ங்கற ஆராய்ச்சியாளரோட குழு எலியில பாத்தாங்க. பேரலல் ஃபைபர்ங்கற நரம்பு நார்களத் தூண்டினா, சிறுமூளையில இருக்கற புர்கின்ஜிங்கற பெரிய நரம்பு செல்லோட துடிப்பு அடங்குது, ஆனா அதே இடத்துல ரத்த ஓட்டம் ஏறுது! சிறுமூளைப் புறணி, அதாவது அதோட மேல் அடுக்குலேர்ந்து வெளிய போற சேதி எல்லாமே புர்கின்ஜி செல் வழியாதான், அது அடங்கிக் கெடக்கறப்பவும் ரத்தம் ஏறும்னா உங்க வரி எப்படி நிக்கும்? உள்ள வந்து சேர்ற சிக்னலும் ஒரு நரம்பு செல் இன்னொண்ணுக்கு சேதி கடத்தற சினாப்ஸ்ல நடக்கற வேலையும்தான் ரத்தத்தக் கூப்பிடுது, அங்க உண்டாகற நைட்ரிக் ஆக்ஸைடு பக்கத்து ரத்தக்குழாயத் தளர்த்தி விரிய வைக்குது, அது உண்டாகாம தடுத்தா அந்த ஏத்தமும் நல்லா கொறஞ்சிடுது.

புத்தகச் சண்டைன்னு நினைக்காதீங்க. பையனுக்கு ஆபரேஷனுக்கு முன்னாடி ஸ்கேன் எடுக்க வந்த ஒரு அம்மா உங்க பக்கத்தக் கிழிச்சு நாலா மடிச்சு பர்ஸ்ல வச்சிருந்தாங்க. மானிட்டர்ல சிறுமூளையில கலர் இல்லாத இடத்தத் தொட்டு "இது செத்துப்போச்சா மேடம்"னு கேட்டாங்க. இல்லம்மா, நாங்க வச்ச அளவத் தாண்டினதுக்கு மட்டும்தான் கலர் வரும்னு சொன்னேன். அவங்க என்னப் பாக்கல, கையில இருந்த காகிதத்தையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. அச்சுல வந்தத நான் வாயால எப்படி அழிக்க?

முதல் தடவைன்னா எழுதியிருக்க மாட்டேன். மூளையில 10 சதவீதம்தான் பயன்படுத்தறோம்னு போட்டீங்க, அது தப்புன்னு எழுதினேன், பதில் இல்ல. சிறுமூளைன்னா பேலன்ஸ் மட்டும்தான்னு போட்டீங்க, மனுஷ மூளையில இருக்கற சுமார் 8600 கோடி நரம்பு செல்லுல 6900 கோடி கிட்ட அங்கதான் இருக்குன்னு எழுதினேன், அதுக்கும் பதில் இல்ல. இந்தத் தடவ படத்துலயே சிறுமூளையப் பாதியில வெட்டிட்டீங்க. இத்தனை வருஷம் காசு கட்டி வாங்கிப் படிக்கறவ எழுதினா ஒரு வரி பதில் கூடவா போட முடியாது?

அடுத்த இதழ்ல ரெண்டு வரி போடுங்க, போதும். சிவப்பு காட்டறது ரத்த ஓட்ட மாற்றத்த, கலர் இல்லாத இடம் செத்த இடம் இல்லன்னு. கட்டுரை வந்த அதே பக்கத்துல, கண்ணுக்குத் தெரியற எழுத்துல. அந்த அம்மா திரும்ப வர்றப்ப நான் காட்டணும்.

இப்படிக்கு,
உங்க பழைய வாசகி