பொருள்: செவர்லே மிலிட்டரி லாரியைக் கொடுத்தேன், ஃபோர்டு ஆக்கி வைத்திருக்கிறீர்கள்

ஐயா,

போன மாதம் மூன்று முறை போன் செய்தேன், இரண்டு முறை நேரிலும் வந்தேன். வந்தபோதெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தீர்கள், பதில் கொடுக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், ஆனால் முழுக்கப் படியுங்கள். உங்கள் பட்டறையில் ஒருவருக்காவது என் வண்டி என்ன வண்டி என்று தெரிந்தாக வேண்டும்.

வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் பழைய கொட்டகையில் கிடந்த வண்டி அது. தோட்டத்து ஆட்கள் அதைச் 'சப்பைமூக்கு' என்றுதான் சொல்வார்கள். மூக்கே இல்லாத முகம், பாதி எஞ்சின் கேபினுக்குள், டிரைவர் காலை மடக்கிக்கொண்டுதான் உட்கார முடியும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவம் கேட்ட அளவுக்கு கனடாவில் செய்த வண்டி, செவர்லே சி15ஏ. ஜெனரல் மோட்டார்ஸ் ஓஷாவாவிலும் ஃபோர்டு வின்ட்சரிலும் இந்த வகையை லட்சக்கணக்கில் செய்து அனுப்பினார்கள். இந்த கனடா சேஸிஸ்கள் (வண்டியின் அடிச்சட்டங்கள்) மேலேயே நம் நாட்டில் இரும்புத் தகட்டு உடல் கட்டி 'இந்தியன் பேட்டர்ன் கேரியர்' என்று கவச வண்டியும் செய்தார்கள். இவ்வளவையும் வண்டியை இறக்கிய அன்றே உங்கள் மேனேஜரிடம் சொன்னேன், ஆறு பக்கத்துக்குப் படத்தோடு எழுதியும் கொடுத்தேன். அவர் அதை வாங்கி மேஜை டிராயரில் போட்டுவிட்டு, "எல்லாம் தெரியும் சார், நூறு ஜீப் பண்ணியிருக்கோம்" என்றார். அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஜீப் வேறு, இது வேறு.

முதல் பில் வந்தபோதே எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஸ்பார்க் பிளக் 8, வாட்டர் பம்ப் 2 என்று போட்டிருந்தீர்கள். ஐயா, என் எஞ்சினில் சிலிண்டரே ஆறுதான். ஆறும் ஒரே வரிசையில் நிற்கும், வாட்டர் பம்ப் ஒன்று. எட்டு பிளக்கும் இரண்டு வாட்டர் பம்பும் எட்டு சிலிண்டர் ஃபோர்டு வி8 எஞ்சினுக்கு வேண்டியவை. ஃபோர்டும் செவர்லேயும் இந்த வண்டிக்கு ஒரே மாதிரி கேபினைத்தான் பயன்படுத்தின, எட்ட நின்று பார்ப்பவர் ஏமாறுவது சகஜம், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் எட்ட நின்று பார்த்தவர் இல்லையே. பானெட்டைத் தூக்கி எண்ணினாலே போதும். அது 216 கன அங்குல, 85 குதிரைசக்தி செவர்லே எஞ்சின். 239 கன அங்குல, 95 குதிரைசக்தி வி8 பக்கத்து வீட்டுக்காரரான ஃபோர்டுடையது. இல்லாத எஞ்சினுக்கு வாங்கிய சாமானுக்கு நான் பணம் கட்டியிருக்கிறேன். அந்த இரண்டாவது வாட்டர் பம்பை எங்கே மாட்டுவதாக இருந்தீர்கள் என்று இன்னமும் எனக்கு ஒரு ஆவல்.

இதெல்லாம்கூடப் பணக் கணக்கு, பேசித் தீர்க்கலாம். முன் கண்ணாடிக்கு என்ன சொல்வீர்கள்?

இந்தக் கேபினுக்குப் பெயர் 13-ஆம் நம்பர் கேபின். 1940-ல் 11-ஆம் நம்பர் வந்தது, அடுத்த வருடம் 12, 1941 கடைசியிலிருந்து போர் முடியும்வரை 13. மூன்றில் இதை அடையாளம் காண்பதுதான் சுலபம், குழந்தைகூடச் சொல்லிவிடும்: முன் கண்ணாடி இரண்டும் தலைகீழாகச் சாய்ந்திருக்கும், மேல் விளிம்பு முன்னால் நீட்டி, கீழ் விளிம்பு உள்ளே போய். சும்மா அழகுக்குச் செய்ததில்லை. வெயில் பட்டுக் கண்ணாடி பளிச்சென்று அடித்தால் மேலே பறக்கிற விமானத்துக்கு இருக்கிற இடம் தெரிந்துவிடும், அதற்காகவே கண்ணாடியைத் தரையைப் பார்க்க வைத்தார்கள். மற்ற லாரிகளிலிருந்து இந்த வண்டியைப் பிரித்துக் காட்டுகிற முகமே அந்தச் சாய்வுதான்.

நீங்கள் அதை நிமிர்த்திவிட்டீர்கள். ஆக்சிடெண்டில் வளைந்துபோயிருந்ததாம்! கேபின் தூண் இரண்டையும் கிரைண்டரால் வெட்டி, பற்றவைத்து, பட்டி பார்த்து, செங்குத்தாக நிறுத்திவிட்டு, அதற்கு 38,000 ரூபாய் 'விபத்துச் சேத டிங்கரிங்' என்று பில்லும் போட்டிருக்கிறீர்கள். இரண்டு பக்கமும் ஒரே கோணத்தில், ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் வளைத்துவிட்டுப் போகிற ஆக்சிடெண்ட் எங்கே நடக்கிறது என்று உங்கள் டிங்கருக்குத் தோன்றவே இல்லையா? அவரைக் குறை சொல்லவில்லை, வேலை சுத்தமாகத்தான் இருக்கிறது, வெல்டிங் தெரியவே இல்லை. நல்ல கைக்காரர், தப்பான வேலையை அவரிடம் கொடுத்துவிட்டீர்கள்.

அடுத்து எஞ்சின். ஜூலையில் உங்கள் மேனேஜர் போன் செய்து, "சார், பேரிங் ஷெல் எங்கேயும் கிடைக்கல, இந்த எஞ்சின் அவ்வளவுதான்" என்றார். பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கிற கனெக்டிங் ராடுக்கு ஷெல், அதாவது கழற்றி மாட்டுகிற பேரிங் தகடு, கிடைக்காது, ஏனென்றால் அந்த ராடுக்கு ஷெல்லே கிடையாது. ராடிலேயே ஒயிட் மெட்டல் என்கிற மெத்தென்ற பேரிங் உலோகத்தை உருக்கி ஊற்றிக் கடைவார்கள். கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு ஒயிட் மெட்டல் ஊற்ற ஆள் இல்லை என்று சொன்னால் யார் நம்புவது? மில்லும் பம்பும் ஃபவுண்டரியுமாக இருக்கிற ஊர். நான் அன்றே ஒரு பட்டறையில் விசாரித்துவிட்டு, "எஞ்சினைத் தொடாதீர்கள், நானே எடுத்துப் போய்ச் செய்து தருகிறேன்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

ஆகஸ்டில் வந்து பார்த்தால் உள்ளே டீசல் எஞ்சின் உட்கார்ந்திருக்கிறது. அது உட்காருவதற்காக சேஸிஸின் குறுக்குச் சட்டத்தையும் வெட்டியிருக்கிறீர்கள், கேபினுக்குள் இருந்த எஞ்சின் மூடியையும் உயரம் போதவில்லை என்று வெட்டி மேலே தகரம் ஒட்டியிருக்கிறீர்கள். "மைலேஜ் வரும் சார்" என்றார் மேனேஜர். வருடத்துக்கு நாலு தடவை ஓட்டப்போகிற வண்டி ஐயா இது, மைலேஜுக்காகவா இதை வாங்கினேன்! ஆர்.சி. புக்கில் பெட்ரோல் என்று இருக்கிறது, எஞ்சின் நம்பர் இருக்கிறது. ஆர்.சி. விவரத்துக்கு மாறாக வண்டியை இப்படி மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு சொல்கிறது. அது ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தினமும் ஆள் அனுப்புகிற உங்களுக்குத் தெரியாதது இல்லை. போலீஸ் மறித்தால் நிற்கப்போவது நான்.

சக்கரம் பற்றிச் சொல்லும்போது கோபத்தைவிட பயம்தான் வருகிறது. செப்டம்பரில் நான் வந்திருந்த அன்று, இருபது வயதுகூட இருக்காது, ஒரு பையன் சக்கரத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்து ஸ்பேனரால் நட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான். அந்த வண்டியின் ரிம் இரண்டு பாதியாக இருக்கும், இரண்டையும் நட்டு போட்டு இறுக்கியிருப்பார்கள். உள்வட்டத்து நட்டுகள் சக்கரத்தை வண்டியோடு பிடிப்பவை, பஞ்சர் ஆனால் அவற்றைத்தான் கழற்ற வேண்டும். வெளிவட்டத்து நட்டுகள் ரிம்மின் இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடிப்பவை. டயரில் காற்று இருக்கும்போது வெளிவட்டத்தில் கைவைத்தால் ரிம் பிளந்து முகத்தில் அடிக்கும், ஆள் பிழைப்பது கஷ்டம். பிரிட்டிஷ் ராணுவத்தில் இந்த வெளிவட்டத்து நட்டுகளுக்குச் சிவப்பு அடித்து வைத்ததே இதற்காகத்தான். தோட்டத்து டிரைவர்கள் அந்த வழக்கத்தை விடாமல் சிவப்பு அடித்துக்கொண்டே வந்திருந்தார்கள், கொடுக்கும்போது நாலு சக்கரத்திலும் சிவப்பு இருந்தது. உங்கள் பெயின்டர் எல்லாவற்றையும் ஒரே பச்சையாக்கிவிட்டார். பையன் கழற்றிக்கொண்டிருந்தது வெளிவட்டத்து நட்டை, டயரில் முழுக் காற்று, இரண்டு நட்டு ஏற்கனவே தரையில் கிடந்தது. நான் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. உங்கள் மேனேஜர் ஓடிவந்து, "ஏன் சார் சின்னப் பையனைத் திட்டுறீங்க" என்றார். நான் திட்டவேண்டிய ஆள் அவன் இல்லை, அது சரிதான். இந்தக் கடிதத்தில் வேறெதைச் செய்யாவிட்டாலும் இதை மட்டும் இன்றே செய்யுங்கள்: நாலு டயரிலும் வால்வைக் கழற்றிக் காற்றை முழுக்க இறக்கிவிட்டு, வெளிவட்டத்து நட்டுகளுக்குச் சிவப்பு அடியுங்கள், அந்தப் பையனை நிறுத்தி வைத்து ஏன் என்று சொல்லிக் கொடுங்கள்.

பெயின்ட் விஷயம். நான் கொடுக்குமுன் பிளேடால் ஒரு ஓரத்தில் மெதுவாகச் சுரண்டிப் பார்த்திருந்தேன். மேலே தோட்டத்துப் பச்சை, அதன் கீழ் சாம்பல், அடியில் மங்கிப்போன மிலிட்டரி நிறம். பானெட் பக்கவாட்டில் சாய்வெளிச்சத்தில் பார்த்தால் சில எண்களின் தடம் தெரிந்தது, முன்னால் இசட் மாதிரி ஒரு எழுத்து. பிரிட்டிஷ் கணக்கில் 15 ஹண்ட்ரட்வெயிட், அதாவது முக்கால் டன் சுமக்கிற வண்டிக்கு இசட், பெரிய லாரிக்கு எல். அந்த எண் முழுதாகக் கிடைத்திருந்தால் இந்த வண்டி எங்கெங்கே போனது என்று தேட ஒரு நூல் கிடைத்திருக்கும். அதனால்தான் "சாண்ட் பிளாஸ்ட் வேண்டாம், பானெட்டை நானே ஈர உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறேன்" என்று எஸ்டிமேட்டிலேயே என் கையால் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். நீங்களும் போட்டிருக்கிறீர்கள். அப்புறமும் மொத்த வண்டியையும் மணலடித்து வெறும் இரும்பாக்கி, கல்யாணக் கார் மாதிரி பளபளக்கிற பச்சையை அடித்து, பானெட்டில் வெள்ளை நட்சத்திரமும் யு.எஸ்.ஏ. என்று எழுத்தும் போட்டு நிறுத்தியிருக்கிறீர்கள். கனடா வண்டி ஐயா. வெயிலில் மின்னக்கூடாது என்று கண்ணாடியையே சாய்த்து வைத்தவர்கள் செய்த வண்டிக்கு கிளாஸ் பெயின்டா அடிப்பது?

கேபினில் இருந்த பித்தளைத் தகட்டைக் காணோம். அந்த இடத்தில் 'ஃபோர்டு 1939' என்று புதிதாக ஒரு தகடு ரிவெட் அடித்திருக்கிறீர்கள். 1939-ல் இந்தக் கேபினே பிறக்கவில்லை. சேஸிஸ் நம்பர் குத்தியிருந்த இடத்தையும் பட்டி மூடியிருக்கிறது, அடியில் நம்பர் பத்திரமாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கிறேன்.

சின்னச் சின்னவை நிறைய. 6 வோல்ட் வண்டியில் 12 வோல்ட் பேட்டரி போட்டுப் பெட்ரோல் காட்டியைக் கருக்கியது. சி15ஏ-வில் உள்ள 15-ஐ ஒன்றரை டன் என்று படித்து ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை சேர்த்தது. அது 15 ஹண்ட்ரட்வெயிட், கிலோவில் 762, முக்கால் டன். இப்போது வண்டி காலியாக வேகத்தடையில் ஏறினால் ஆடு மாதிரி குதிக்கிறது.

இதுவரை 7,20,000 ரூபாய் கொடுத்திருக்கிறேன், எல்லாம் பேங்க் வழியாக. நான் கேட்பது இவ்வளவுதான். என் எஞ்சின், பித்தளைத் தகடு, கழற்றிய மற்ற சாமான் எல்லாம் எனக்குத் திரும்ப வேண்டும். எஞ்சின் உங்கள் பின்பக்கக் கொட்டகையில் கிழிந்த தார்ப்பாய்க்கு அடியில் இருக்கிறது, நானே பார்த்தேன், பழைய இரும்புக்குப் போட்டாயிற்று என்று சொல்லாதீர்கள். டீசல் எஞ்சினை இறக்கி, குறுக்குச் சட்டத்தை நான் கொடுக்கும் அளவுப்படி உங்கள் செலவில் சரிசெய்ய வேண்டும். கண்ணாடித் தூணைப் பழைய கோணத்துக்குக் கொண்டுவர வேண்டும், அளவெடுக்கத் தேவையான படங்கள் என்னிடம் இருக்கின்றன, அதே டிங்கர் செய்தால் போதும். பிளக், வாட்டர் பம்ப், விபத்துச் சேதம், டீசல் எஞ்சின், ஸ்பிரிங் பட்டை, பெயின்ட் ஆகியவற்றுக்கு வாங்கிய தொகை திரும்ப வேண்டும். பானெட் எண் போனது போனதுதான், அதற்கு நான் விலை சொல்லவில்லை.

15 நாள் தருகிறேன். அதற்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம், எனக்கு அலைச்சல் இல்லை, உங்களுக்குத்தான். எஸ்டிமேட், கையெழுத்து, வாட்ஸ்அப், கொடுத்த அன்று எடுத்த 140 படம் எல்லாம் தனித்தனியாக அடுக்கி வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை காலை 10 மணிக்கு வருகிறேன். டீ வேண்டாம். நான் வருவதற்குள் அந்த எஞ்சினை ஒழுகுகிற இடத்திலிருந்து நகர்த்தி, பிளக் ஓட்டைகளில் எண்ணெய்த் துணியைச் சுருட்டி அடைத்து வையுங்கள். ஆறு துணி போதும்.

இப்படிக்கு,
சி15ஏ-வின் சொந்தக்காரன்