ஸ்கேன் புரோபைச் சோதிப்பது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி என்று வடசென்னையில் எந்தப் பக்கம் போனாலும் ஸ்கேன் சென்டர் உண்டு. கருவின் பாலினத்தைச் சொல்ல மாட்டோம் என்ற பலகையும் பதிவுச் சான்றிதழும் சுவரில் மாட்டியிருக்கும். கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் கருவி எங்கே இருக்கிறது, யார் கையில் இருக்கிறது என்றெல்லாம் கணக்குக் கேட்கிறது. கேட்கட்டும், வேண்டியதுதான். அந்தக் கருவியில் படம் ஒழுங்காகத் தெரிகிறதா என்பது அதன் கவலை அல்ல. எக்ஸ்ரே, சி.டி. கருவிகளுக்குத் தரச்சோதனை கேட்க அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் இருக்கிறது. இந்த சென்டர்களில் எடுக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் கதிர்வீச்சு இல்லாததால் அது அங்கேயும் சேராது.

மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். ஸ்கேன் கருவியில் அதிகம் அடிபடுவது, உடம்பின் மேல் வைத்துப் பார்க்கும் புரோப்தான். அதன் முகத்துக்குள் 128, 192 என்ற கணக்கில், ஒலியை அனுப்பி வாங்கும் மெல்லிய படிகத் துண்டுகள் வரிசையாக இருக்கும். அவற்றுக்கான கம்பிகள் எல்லாம் அந்த ஒரு கேபிளுக்குள்தான் ஓடுகின்றன. தரையில் கிடக்கும் கேபிள் மேல் டிராலி சக்கரம் ஏறும். அவசரத்தில் புரோப் கைநழுவி விழும். கண்ட ஸ்பிரிட்டையும் போட்டுத் துடைத்துத் துடைத்து முன்பக்க ரப்பர் உப்பிவிடும். நாலைந்து துண்டுகள் போனாலும் கருவி நிற்காது, அதுதான் வம்பு. படம் வந்துகொண்டே இருக்கும். கொஞ்சம் மங்கினால் ‘பேஷண்ட் குண்டு, அப்படித்தான் தெரியும்’ என்று இன்னும் அழுத்திப் பார்ப்பார்கள். புதிய கருவிகளோ குறையை மெழுகி அழகான படமாகவே காட்டிவிடும். ரத்த ஓட்டத்தை அளக்கும் டாப்ளர் ஸ்கேனில் வேகமே தப்பாக வரலாம். தொப்புள்கொடியின் ரத்த ஓட்டத்தைப் பார்த்துத்தான் சில கர்ப்பிணிகளின் சிகிச்சையையே முடிவு செய்கிறார்கள்.

ஸ்வீடனில் 32 மருத்துவமனைகளில் அன்றாடம் பயன்பாட்டில் இருந்த 676 புரோப்களைச் சோதித்து 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். ஏறத்தாழ 40 சதவீதத்தில் ஏதோ ஒரு கோளாறு. அங்கேயே அப்படி.

முதல்கட்டச் சோதனைக்குச் செலவே கிடையாது. புரோபைச் சுத்தமாகத் துடைத்து, ஜெல் தடவாமல் காற்றில் பிடித்தால் திரையின் மேல்பகுதியில் அடுக்கடுக்காக வெள்ளைக் கோடுகள் தெரியும். அந்த அடுக்கை ஓர் இடத்தில் கருப்பு நிழல் மேலிருந்து கீழாக வெட்டினால் அங்கே கோளாறு என்று சந்தேகிக்கலாம். அப்புறம் துளி ஜெல் வைத்து, நிமிர்த்திய பேப்பர் கிளிப் கம்பியை முகத்தின் குறுக்கே மெதுவாக நகர்த்த வேண்டும். கம்பிக்குக் கீழே ஒளிரும் கோடு எந்த இடத்தில் மங்குகிறதோ, அங்கே இருக்கும் துண்டுதான் போயிருக்கிறது. படத்தை மெழுகும் வசதிகளை மட்டும் முதலில் அணைத்துவிட வேண்டும். இதயத்துக்கான எக்கோ புரோபில் இந்த வித்தை அவ்வளவாகப் பலிக்காது; அதற்குத் தனிக் கருவி தேவை. மற்றபடி ஐந்து நிமிட வேலை.

பராமரிப்பு ஒப்பந்தம் என்று வருடா வருடம் பணம் கட்டுகிறோம். நான் பார்த்தவரை, வருகிறவர் விசிறியில் தூசி தட்டி, ஃபில்டரைக் கழுவி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறார். ஒவ்வொரு புரோபின் காற்றுப் படத்தையும் எடுத்து, புதிதாக வந்தபோது எடுத்த படத்தோடு ஒப்பிட்டு லாக் புக்கில் ஒட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும். அரசு மருத்துவமனைகளின் ஒப்பந்தங்களில் சுகாதாரத் துறை இதை முதலில் செய்யட்டும். லட்சக்கணக்கில் விலை போகும் புரோபை உடனே மாற்ற முடியாது என்பது புரிகிறது. அதுவரை கோளாறான புரோபின் மேல் ஒரு சீட்டாவது ஒட்டி, டாப்ளருக்கு அதை எடுக்காமல் இருக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை-81