ரீஃப் மலையின் நாட்டுச் செடி

ஷெஃப்ஷாவன், மொராக்கோ
ஆகஸ்ட் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். இங்கே வெயில் கடுமைதான், ஆனால் மலைக்காற்று இருப்பதால் ராத்திரி நன்றாகத் தூங்க முடிகிறது. காலையில் பிஸ்ஸாரா என்று ஒரு கஞ்சி, காய்ந்த அவரைப் பருப்பை மசித்து மேலே ஆலிவ் எண்ணெய் ஊற்றித் தருவார்கள். அது பழகிவிட்டது என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

போன வாரம் போனில் வயலைப் பற்றி ஆரம்பித்ததும் அம்மா "கஞ்சாவா?" என்று பதறிவிட்டாள். அதனால்தான் கடிதமாகவே எழுதுகிறேன். என் வேலை மண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் மாதிரி எடுத்துப் பரிசோதிப்பதுதான். ஆனால் இந்த ரீஃப் மலையில் தண்ணீரைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் அந்தச் செடியைப் பற்றிப் பேசாமல் முடியாது. நீங்கள் பார்த்தால் உங்களுக்கு உடனே புரிந்துவிடும் என்று தோன்றியது.

ஆமாம், கஞ்சாச் செடிதான். இங்கே உள்ள அதன் பழைய ரகத்தின் பெயர் பெல்தியா. பெல்தி என்றால் 'நாட்டு' என்று அர்த்தம், அப்பா. சந்தையில் கோழி வாங்கப் போனால் பெல்தி கோழியா, ரூமி கோழியா என்று கேட்பார்கள். ரூமி என்றால் வெளியிலிருந்து வந்தது. நாம் நாட்டுக்கோழி, பிராய்லர் கோழி என்று பிரிப்பதுபோலத்தான். அந்தச் சொல்லைக் கேட்ட அன்றைக்கு ஏதோ சொந்த ஊர்ச் சந்தையில் நிற்பதுபோல இருந்தது.

பெல்தியா பார்ப்பதற்குப் பெரிய செடி இல்லை. நெருக்கி விதைத்த வயலில் இடுப்புக்குக் கீழேயே நின்றுவிடும். இலை ஒல்லி, பக்கக் கிளைகள் குறைவு. ஒற்றைத் தண்டு, உச்சியில் பூங்கொத்து. பிப்ரவரி, மார்ச்சில் மழை ஈரத்தில் கையால் வீசி விதைக்கிறார்கள். குளிர்காலமும் வசந்தமும் விட்டுச் சென்ற ஈரத்தைக் குடித்தே வளர்கிறது. கோடையில் மலை வறண்டு போவதற்குள் அவசரமாகப் பூத்து, ஜூலைக் கடைசியிலும் ஆகஸ்டிலும் அறுப்புக்கு வந்துவிடும். மானாவாரிப் பயிர் என்றால் இதுதான். சரிவில், கல்லுக்கு நடுவே, ஒரு குடம் தண்ணீர்கூட ஊற்றாமல் முளைத்து நிற்கிறது.

ஏறத்தாழ 2000க்குப் பிறகு வெளியிலிருந்து கலப்பின விதைகள் வந்தன. கர்தாலா என்று ஒன்று, கிரிட்டிக்கல் என்று இன்னொன்று. அவை புதர்போலப் பரவும், பிசின் அதிகம், போதைச் சத்தும் மிக அதிகம். அதனால் விலையும் கூடக் கிடைத்தது. ஆனால் அவை வளர்வதே கோடையில்தான். செப்டம்பர், அக்டோபர் வரை வயலில் நிற்கும், அதுவரை தண்ணீர் கேட்டுக்கொண்டே இருக்கும். சொட்டுநீர்க் குழாய், ஆழ்துளைக் கிணறு, டீசல் மோட்டார் எல்லாம் மலை மேலே ஏறின. நான் மாதிரி எடுக்கப் போகும் ஊற்றுகளில் சில இப்போது சேறாகத்தான் இருக்கின்றன. அந்த விவசாயிகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடன் இருப்பவர் எது விலை போகுமோ அதைத்தான் விதைப்பார்.

அம்மாவின் பயத்துக்கும் பதில் சொல்கிறேன். 1974 சட்டப்படி இங்கே இந்தப் பயிர் தடை. ஆனாலும் 2003இல் ஐ.நா.வும் மொராக்கோ அரசும் சேர்ந்து அளந்தபோது 1,34,000 ஹெக்டேர் இருந்தது. பயந்து பயந்தே மூன்று தலைமுறை விவசாயம் செய்திருக்கிறார்கள். அப்புறம் 2021இல் 13-21 என்ற சட்டம் வந்தது. அல் ஹொசேமா, ஷெஃப்ஷாவன், தாவுனாத் ஆகிய மூன்று மாகாணங்களில் மருந்துக்கும் தொழிற்சாலைக்கும் உரிமம் வாங்கிப் பயிரிடலாம். முதல் வருடம் வெளிநாட்டு விதைகள்தான் போட்டார்கள். 2024இல்தான் பெல்தியாவுக்கும் அனுமதி வந்தது. அதே ஆகஸ்டில் வழக்கிலும் தேடுதலிலும் இருந்த 4,800க்கும் மேற்பட்ட விவசாயிகளுக்கு மன்னர் மன்னிப்பு அளித்தார். பல வருடம் வெளியே தலைகாட்டாதவர்கள் வியாழக்கிழமைச் சந்தைக்கு வந்தார்கள் என்று நான் தங்கியிருக்கும் வீட்டின் உரிமையாளர் சொன்னபோது அவர் குரல் உடைந்தது.

உங்களிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது.

பாப் பெர்ரெத் என்ற ஊர்ப் பக்கம் ஒரு மூதாட்டியைப் பார்த்தேன். சிவப்பும் வெள்ளையும் கோடு போட்ட துணியை இடுப்பில் கட்டி, கம்பளிக் குஞ்சம் வைத்த பெரிய ஓலைத் தொப்பி போட்டிருந்தார். மாமியார் கொடுத்த விதையையே இன்றுவரை விதைக்கிறாராம். இந்தச் செடியில் ஆண் தனி, பெண் தனி. மகரந்தம் காற்றில் போகும். இங்கிருந்து கிளம்பும் மகரந்தத்தைக் கடல் தாண்டி ஸ்பெயினின் மலகாவில் பிடித்து அளந்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படியிருக்க அடுத்த மேட்டில் இருக்கும் கர்தாலா இவர் வயலுக்குள் வராமல் இருக்குமா? "இரண்டு மூன்று வருடமாகச் சில செடிகள் தாமதமாகப் பூக்கின்றன, உயரமாகப் போகின்றன, இது என் விதை இல்லை" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நீங்கள் கம்பில் விதைக்கதிர் எடுக்கும்போது வரப்போரத்தை விட்டு நடுவயலில் எடுப்பீர்களே, அதை அவரிடம் சொன்னேன். கம்பும் காற்றில் கலக்கும் பயிர்தானே. அவர் யோசித்துவிட்டு, தன் வயல் மிகச் சிறியது, நடு என்று ஒன்று இல்லை என்றார். முதலில் பூப்பவற்றையும் குட்டையானவற்றையும் மட்டும் வைத்து, மாறுபட்ட ஆண் செடிகளை மகரந்தம் உதிர்க்கும் முன்பே பிடுங்கிவிடச் சொல்லலாமா? பக்கத்து வயலிலிருந்து வருவதை அது தடுக்காது என்பது எனக்கும் தெரிகிறது. பள்ளத்தாக்கு முழுக்க எல்லோரும் பெல்தியாவே போடச் சம்மதித்தால் ஒழிய வேறு வழி இருக்கிறதா? இதில் உங்கள் அனுபவம் என்ன சொல்கிறது என்று எழுதுங்கள். அடுத்த விதைப்பு பிப்ரவரியில். அதற்குள் நான் மறுபடியும் அந்தப் பக்கம் போவேன்.

அம்மாவை முழங்காலுக்கு மருந்து விடாமல் சாப்பிடச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்