எங்கள் பட்டிகளை மறுபடி நிரப்பியவர்களுக்கு

கோவை, மதுரை, திருப்பூர் என்று பல ஊர்களிலிருந்து கைகொடுத்த அண்ணன்மார், அக்காமார், தங்கள் பெயர் வெளியே வரவேண்டாம் என்று கேட்டுக்கொண்ட பெரியவர்கள் எல்லோருக்கும் கொடைக்கானல் மேல்மலையிலிருந்து வணக்கம்.

போன வருஷம் வைகாசியில் நீங்கள் வாங்கித் தந்த செம்மறி ஆடுகள் குட்டி போட்டுவிட்டன. குட்டிகள் பால் மறந்து புல் மேய்கின்றன. இந்த ஆனியில் முதல் பெட்டைக் குட்டிகள் அடுத்த வீடுகளுக்குப் போகின்றன. ஆடு வந்து இறங்கிய அன்றே இந்த மடலை எழுதியிருக்கலாம். ஆனால் வாங்கிக்கொண்டோம் என்று சொல்வதைவிட, தந்தது தழைத்தது என்று சொல்லி நன்றி சொல்வதுதான் முறை என்று எங்கள் குழுவில் பெரியவர்கள் சொன்னார்கள். எனக்கும் அதுவே சரி என்று பட்டது.

நடந்தது என்ன என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். அதற்கு முந்தின ஐப்பசியில் மழை விடாமல் பிடித்தது. மழையோடு நீலநாக்கு நோயும் வந்தது. கொசுவைவிடச் சிறிய ஒரு பூச்சி கடித்துப் பரவும் வைரஸ் நோய் இது. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில்தான் அதிகம் தலைகாட்டும். முதலில் காய்ச்சல், அப்புறம் மூக்கு ஒழுகும், உதடும் முகமும் வீங்கும், வாய்க்குள் புண் கிளம்பும். கண்ணெதிரே பச்சைப் புல் இருக்கும், ஆடு அதை முகர்ந்துவிட்டு வாயை எடுத்துக்கொள்ளும். கடிக்க முடியாது. கேழ்வரகுக் கூழைக் கரைத்துக் கையில் வைத்து ஊட்டினோம். சில பிழைத்தன. சினை ஆடுகள் மாதம் நிறையுமுன்னே குட்டி வீசின. ஒவ்வொரு வீட்டிலும் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார்கள். தலைமுறையாக ஆடு மேய்த்த குடும்பங்கள் சிலவற்றில் பட்டியில் ஒரு ஆடுகூட மிஞ்சவில்லை.

இதற்குப் பணமாகத் தந்தால் போதாதா என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். நல்ல கேள்வி. பணம் வந்தால் அது முதலில் வட்டிக்காரர் வாசலுக்குத்தான் போகும். அதைத் தப்பென்று சொல்லவில்லை, வாங்கின கடனைக் கொடுக்கத்தானே வேண்டும். ஆனால் கடன் அடைந்த மறுநாளும் பட்டி காலியாகத்தான் கிடக்கும். ஆடு இருந்தால் வருஷத்துக்கு ஒரு குட்டி. பிள்ளைக்குக் கல்லூரிப் பணம் கட்ட, ஆஸ்பத்திரிக்குப் போக, ஒன்றைப் பிடித்து விற்றால் அவசரத்துக்கு ஆகும். அது போக எரு இருக்கிறது. எங்கள் மேல்மலைப் பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்ததைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பூண்டுக்கும் உருளைக்கிழங்குக்கும் ஆட்டு எருவைப் போல எதுவும் வராது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். விதைப்புக்கு முன்னால் எருவுக்காக ராத்திரி ஆடுகளைத் தோட்டத்திலேயே அடைத்துக் கிடை போட்டால் அதற்குத் தனிக் கூலி உண்டு. ஆடு போனபோது இந்த மூன்றும் ஒன்றாகப் போயின. வாலிபப் பையன்கள் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குக் கிளம்பினார்கள். வீட்டில் இருந்த பெண்கள் கேரட் கழுவும் வேலைக்குப் போனார்கள்.

இனி நான் முக்கியமாக நன்றி சொல்ல வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். திண்டுக்கல் மாவட்டத்தில் ஆடு வாங்க வேண்டும் என்றால் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அய்யலூர் வியாழக்கிழமைச் சந்தைதான். உங்கள் திட்டமும் அப்படித்தான் இருந்தது. கையில் இருந்த தொகைக்கு அங்கே நிறைய ஆடுகள் வாங்கியிருக்கலாம். வேண்டாம் என்று தடுத்தவர் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் அய்யா. கீழ்நாட்டு வெயிலில் பிறந்து வளர்ந்த ஆட்டைக் கொண்டுவந்து மலையில் விட்டால் ஒரு மழைக்காலத்தைத் தாங்காது என்றார். மார்கழியில் இங்கே புல்லெல்லாம் உறைபனி படிந்து வெளுத்துக் கிடக்கும். முன்பொரு முறை வேறொரு அமைப்பு கீழிருந்து வெள்ளாடுகளை ஏற்றிவந்து தந்தது. தந்தவர்களின் மனசு நல்ல மனசுதான். ஆனால் மழை முடிவதற்குள் பாதிக்கு மேல் சளி பிடித்துச் செத்துவிட்டன. வாங்கியவர்களுக்கு மருந்துச் செலவுதான் மிச்சம்.

அய்யா சொன்னதை நீங்கள் கேட்டீர்கள். உதவி செய்ய வருகிறவர்கள் பலர் இத்தனை ஆடு கொடுத்தோம் என்று எண்ணிக்கை சொல்லவே ஆசைப்படுவார்கள். கோவை அக்கா தொலைபேசியில் சொன்னது எங்களுக்கு அப்படியே நினைவிருக்கிறது: “குறைஞ்சாலும் பரவாயில்ல, நிலைக்கிற ஆடா வாங்குங்க.” அந்த ஒரு வார்த்தைக்காகவே இந்த மடலை எழுதலாம். மன்னவனூரில் 1965 முதல் மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே வளர்க்கும் பாரத் மெரினோ என்ற செம்மறி இனத்தின் இரத்தம் கலந்த ஆடுகள் சுற்றுவட்டாரத்தில் உண்டு. நோய் தொடாத ஊர்களில் தேடி, மலையிலேயே பிறந்த இளம் பெட்டைகளாகப் பார்த்து வாங்கினோம். 11 குடும்பங்களுக்குத் தலா 5 பெட்டை. 25, 30 பெட்டைக்கு ஒரு கிடா போதும் என்பதால் பொதுவில் 2 கிடாக்கள், அவையும் வேறு வேறு ஊரிலிருந்து. 2011-ல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா ஆடுகள் திட்டத்தில் குடும்பத்துக்கு 4 என்று வைத்திருந்தார்கள். நாங்கள் 5 கேட்டதற்குக் காரணம், ஒன்று தவறினாலும் நாலு நிற்கும் என்பதுதான். நீங்கள் மறுபேச்சு பேசவில்லை.

மருத்துவர் அய்யாவைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும். ஆடு வருவதற்கு முன்பே தடுப்பூசிக் கணக்கைப் போட்டு வைத்துவிட்டார். ஆட்டுக்கொல்லி நோய்க்கு ஒன்று, துள்ளுமாரிக்கு ஒன்று, நீலநாக்குக்கு ஐந்து வகை வைரஸைத் தடுக்கும் ஊசி, அதுவும் ஐப்பசி மழைக்கு முன்னாலேயே. ஒவ்வொரு ஆட்டுக்கும் 12 இலக்க எண் உள்ள காதுவில்லை மாட்டி, காப்பீடு எடுக்க வைத்தார். எங்களுக்கு ஆடு மேய்க்கத் தெரியும், ஆனாலும் அவரிடம் கற்றுக்கொண்டது நிறைய. சதுப்பு ஓரத்துப் புல் கொழுகொழுவென்று இருக்கும், ஆடு அங்கேதான் ஓடும். அந்த ஈரத்தில் வாழும் நத்தைகள் வழியாகத்தான் ஈரல் தட்டைப்புழு வருகிறது என்று அவர் விளக்கிய பிறகு சதுப்புப் பக்கம் ஆட்டை விடுவதையே நிறுத்திவிட்டோம். பனி காய்ந்த பிறகுதான் பட்டியைத் திறக்கிறோம். ராத்திரி நேரத்தில் ஆடு படுத்துவிட்டால் 1962-க்கு அழைத்துக் கால்நடை ஆம்புலன்ஸைக் கேட்கலாம் என்பதே எங்களில் பாதிப் பேருக்கு அவர் சொல்லித்தான் தெரியும். பெட்ரோல் காசுகூட வாங்காத மனிதர். வீட்டில் கொடுத்த சுக்குக் காபியை மட்டும் வாங்கிக் குடித்தார்.

தீவனத்துக்கும் நீங்கள் தனியாகப் பணம் ஒதுக்கியது பெரிய காரியம். ஒரு காலத்தில் மலை முழுக்கப் புல்வெளியாக இருந்த இடங்களில் பைன், யூகலிப்டஸ், வாட்டில் என்று வெளிநாட்டு மரங்கள் ஏறிவிட்டன. 2013-ல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் வந்த பிறகு காட்டுக்குள் மேய்ச்சலும் கிடையாது. காடு காடாக இருக்க வேண்டும் என்பதில் எங்களுக்கு இரண்டாவது கருத்து இல்லை, எங்கள் ஓடைக்குத் தண்ணீர் அங்கிருந்துதான் வருகிறது. ஆகவே காட்டை நம்பாமல் வளர்க்கும் அளவுக்குத்தான் ஆடு என்று முதலிலேயே முடிவு செய்தோம். நீங்கள் தந்த ஓட்ஸ் விதையைச் சொந்தத் தோட்ட ஓரங்களில் விதைத்தோம். நிலமில்லாத நான்கு வீடுகளுக்குப் பூம்பாறைப் பக்கத்துப் பூண்டு விவசாயிகள் வரப்போரத்தை விட்டுக்கொடுத்தார்கள். கேரட் தழை, முட்டைக்கோஸ் இலை எல்லாம் இலவசம். பதிலுக்குக் கிடை போடுகிறோம்.

மதுரையிலிருந்து வந்த கல்லூரிப் பிள்ளைகள் பட்டிகளைக் கட்டித் தந்தார்கள். தரையிலிருந்து இடுப்பளவு உயரத்தில் பரண், அடியில் எரு விழுகிற மாதிரி சட்டங்களுக்கு நடுவில் இடைவெளி, சிறுத்தையும் செந்நாயும் நுழையாதபடி கம்பி வலைக் கதவு. ஈரத்தில் படுக்காததால் குளம்பு அழுகல் குறைந்திருக்கிறது. கதவுகளை அடித்துக் கொடுத்த வெல்டிங் பட்டறை அண்ணன் இரும்புக்கு மட்டும் காசு வாங்கினார். நடுப்பகலில் ஏற்றினால் ஆடு வாடும் என்று, விடிவதற்கு முன்னால் கிளம்பி வளைவுக்கு வளைவு மெதுவாக ஓட்டிவந்த லாரி டிரைவர் அண்ணனையும் இங்கே நினைக்கிறோம்.

ஆடுகள் ஆடியில் சினை பிடித்தன. ஐந்து மாதக் கணக்குப்படி குட்டிகள் மார்கழிக் குளிரில் பிறந்தன. கணவரை இழந்து இரண்டு பிள்ளைகளோடு இருக்கும் ஒரு அக்காவின் வீட்டில் முதல் ஈற்று. நானும் போயிருந்தேன். முதல் குட்டி விழுந்ததும் தாய் நக்கிக் காயவைத்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றும் வந்தது. எங்கள் பக்கத்து ஆடுகள் ஒன்று போடுவதுதான் வழக்கம். இரண்டாவதைத் தாய் திரும்பிப் பார்க்கவில்லை, கிட்டே கொண்டுபோனால் முட்டித் தள்ளியது. குட்டிக்கு வாய் சில்லிட்டுவிட்டது. அக்கா அதைச் சாக்கில் சுருட்டி அடுப்படியில் போட்டு, பழைய துணியால் சூடு பறக்கத் தேய்த்தார். தொப்புளில் அயோடின் தொட்டு வைத்தோம். அவருடைய மாமியார், எங்களுக்கெல்லாம் அப்பத்தா, தாயைக் கால் இடுக்கில் பிடித்துக்கொண்டு சீம்பாலைக் கறந்தார். பாட்டிலில் ரப்பர் மாட்டி, விரலால் வாயைத் திறந்து, சொட்டுச் சொட்டாகக் கொடுத்தார்கள். பின்பு அப்பத்தா முதல் குட்டியின் மேல் இருந்த ஈரத்தை வழித்து இரண்டாவதன் முதுகில் தடவித் தாயிடம் விட்டார். தாய் முகர்ந்தது, முகர்ந்தது, அப்புறம் நக்க ஆரம்பித்தது. சின்னவன் மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போய் எல்லாப் பிள்ளைகளிடமும் இதைச் சொல்லியிருக்கிறான். இரண்டும் பெட்டை. அதில் ஒன்றுதான் இப்போது அடுத்த வீட்டுக்குப் போகிற முதல் குட்டி.

முதல் பெட்டைக் குட்டியை ஆடு இல்லாத இன்னொரு குடும்பத்துக்குத் தரவேண்டும் என்பது நீங்கள் வைத்த ஒரே நிபந்தனை. இதற்கு முன்மாதிரியைக் கல்லூரிப் பிள்ளைகள் சொன்னார்கள். ஸ்பெயின் உள்நாட்டுப் போரின்போது குழந்தைகளுக்குப் பால் ஊற்றும் வேலையில் இருந்த டான் வெஸ்ட் என்ற அமெரிக்க விவசாயி, கோப்பைப் பாலைவிடப் பசுவையே கொடுப்பது மேல் என்று நினைத்தாராம். 1944-ல் அவர் தொடங்கிய ஹைஃபர் அமைப்பின் முதல் கிடேரிகள் போர்ட்டோ ரிக்கோ தீவுக்குக் கப்பலில் போயின. வாங்கியவர்கள் முதல் கிடேரிக் கன்றை அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். எங்களுக்கு இது புரிய நேரமே ஆகவில்லை. ஆட்டை வாரத்துக்கு, அதாவது பங்குக்கு, விட்டு வளர்த்துப் பழகியவர்கள்தானே நாங்கள். வாரத்தில் பாதிக் குட்டி ஆட்டுக்காரருக்குப் போகும். இங்கே குட்டி, ஆடு இல்லாதவர் வீட்டுக்குப் போகிறது. கொடுக்கிற இடத்தில் நின்று அந்த அக்காவின் முகத்தைப் பார்த்தபோதுதான் நீங்கள் எங்களுக்கு எதைத் தந்தீர்கள் என்று எனக்கு முழுசாக விளங்கியது. நோய் வந்த நாளிலிருந்து கூலி கேட்டும் கடன் கேட்டும் மற்றவர் வாசலில் நின்ற பெண் அவர். இப்போது இன்னொரு வீட்டுக்காரர் அவர் வாசலுக்கு வந்து, எந்தக் குட்டி என்று கேட்டு நிற்கிறார்.

எல்லாம் நல்லபடியாகவே நடந்தது என்று சொல்ல முடியாது. ஒரு பெட்டையைச் செந்நாய்கள் கொண்டுபோயின. குளிரில் சில குட்டிகள் தங்கவில்லை. ஆனால் நீலநாக்கு போன மழையில் எங்கள் பட்டிகளுக்குள் வரவில்லை. திருப்பூர் போன பையன்களில் ஒருவன் தைப்பொங்கலுக்கு வந்தவன் திரும்பவில்லை, அப்பாவோடு ஆடு பார்க்கிறான். மற்றவர்களும் வரவேண்டும் என்று நாங்கள் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.

அடுத்து எந்தெந்த வீட்டுக்குக் குட்டி என்று ஊர்க்கூட்டத்தில் வைத்து முடிவு செய்திருக்கிறோம். கிடா விற்ற பணத்தில் தடுப்பூசிக்கென்று ஒரு பங்கை எடுத்து வைக்கிறோம், வருகிற மழைக்கு உங்களிடம் கேட்க வேண்டியிருக்காது. வரவு செலவு நோட்டு குழுத் தலைவி வீட்டில் இருக்கிறது. உங்களில் யார் வந்தாலும் எடுத்துப் பார்க்கலாம். பொங்கல் கழிந்து வந்தால் குட்டிகளையும் பார்க்கலாம், ஸ்வெட்டர் மட்டும் மறக்காமல் கொண்டுவாருங்கள். வருவதை முன்கூட்டியே சொன்னால் அப்பத்தா சமைத்து வைப்பார்.

மனமார்ந்த நன்றியுடன்,
செம்மறி ஆடு வளர்ப்போர் குழுவின் குடும்பங்கள் சார்பாக,
குழுச் செயலாளர்,
கொடைக்கானல் மேல்மலை