ஒரே பதிவேடு தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொலைபேசி, மின்னஞ்சல், வாட்ஸ்அப், காணொலிக் கூட்டம் என ஒரு நிறுவனத்தின் தகவல் தொடர்பு முழுவதையும் ஒரே திரைக்குள் கொண்டுவருவதாகச் சொல்லும் மென்பொருள்கள் பெருகிவிட்டன. அவற்றை வாங்கிப் பொருத்திய பிறகும் வாடிக்கையாளர் சொன்னதையே மூன்று பேரிடம் திரும்பச் சொல்ல நேர்கிறது என்றால், திரை ஒன்றானதே தவிரப் பதிவேடு ஒன்றாகவில்லை என்றுதான் பொருள்.

மின்னஞ்சலில் ஆர்டர் கொடுத்தவர் மறுநாள் தொலைபேசியில் அழைத்து முகவரியை மாற்றச் சொல்கிறார். அழைப்பை எடுத்தவர் அதைத் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார். கிடங்கில் இருப்பவரோ மின்னஞ்சலைப் பார்த்துப் பழைய முகவரிக்கே சரக்கை அனுப்பிவிடுகிறார். இருவருமே தத்தம் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறார்கள். விற்பனைப் பிரதிநிதி தம் சொந்தக் கைபேசியில் நடத்தும் உரையாடல் இதைவிடச் சிக்கலானது. அவர் வேலையை விட்டுப் போகும் நாளில், பேசி முடித்த விலையும் கொடுத்த வாக்கும் அவரோடு போய்விடுகின்றன.

எல்லாவற்றையும் ஒரே பதிவேட்டில் சேர்க்கத் தொழில்நுட்பம் பெரிய தடையில்லை. மின்னஞ்சல் அனுப்பும் முறையை வரையறுக்கும் எஸ்எம்டிபி நெறிமுறை 1982இல் வகுக்கப்பட்டுப் பொதுவில் இருப்பதால்தான், யாருடைய சர்வரிலிருந்தும் யாருக்கும் மின்னஞ்சல் போகிறது. இணையவழி அழைப்புகளுக்கான எஸ்ஐபி நெறிமுறை 2002இல் இன்றைய வடிவம் பெற்றது. அதை ஏற்கும் மேசைத் தொலைபேசியை வேறொரு தயாரிப்பாளரின் இணைப்பகத்தோடும் (அலுவலக அழைப்புகளை இணைத்துவிடும் கருவி) பெரும்பாலும் பொருத்திவிடலாம். அரட்டைச் செயலிகள்தாம் இன்னும் வேலி போட்டுக்கொண்டு நிற்கின்றன. ஆகவே, பொது நெறிமுறைகளை ஏற்பதும், நம் பதிவுகளை முழுமையாக வெளியே எடுத்துக்கொள்ள விடுவதுமான சேவையையே நிறுவனங்கள் தேர்ந்தெடுப்பது நல்லது.

அதற்கும் முன்பாக எண்களைச் சீர்செய்ய வேண்டும். ஒரே தொலைபேசி எண் ஓரிடத்தில் நாட்டுக் குறியீட்டோடும், வேறிடத்தில் முன்னால் பூஜ்ஜியத்தோடும், இன்னோரிடத்தில் இடைவெளிகளோடும் பதிவாகியிருந்தால், கணினி ஒருவரையே மூவராகக் கொள்ளக்கூடும். ஈ.164 என்னும் சர்வதேச விதிப்படி, நாட்டுக் குறியீடு உட்பட 15 இலக்கங்களுக்கு மிகாமல், எல்லா எண்களையும் ஒரே முறையில் எழுதிவைப்பது அலுப்பூட்டும் வேலைதான். விற்க வருபவர்கள் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

எல்லாவற்றையும் ஒரே இணைய இணைப்பில் ஏற்றிவிட்டால், ஒரு கேபிள் அறுந்தாலும் மொத்த அலுவலகமும் ஊமையாகிவிடும். வேறொரு சேவையாளரிடமிருந்து மாற்று இணைப்பு பெறுவதோடு, முதன்மை இணைப்பை வேண்டுமென்றே துண்டித்து, மாற்று இணைப்பு தானாகக் கைகொடுக்கிறதா என்று அவ்வப்போது சோதித்தும் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
அலுவலகத் தொலைதொடர்பு நிர்வாகி ஒருவர்