கேமராவை விற்காதே

அன்பு மகனுக்கு,

நீ அனுப்பிய நீளமான மின்னஞ்சலை நேற்று இரவே படித்துவிட்டேன். உடனே பதில் எழுத உட்கார்ந்தால் எதையாவது வெடுக்கென்று எழுதிவிடுவேன் என்று ஒரு பகல் ஆறப்போட்டேன். அப்பாவுக்கும் படித்துக் காட்டினேன். "அவன் நேரம், அவன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டுத் தன் குறுக்கெழுத்துக்குத் திரும்பிவிட்டார். அவர் கதைக்குப் பிறகு வருகிறேன்.

இணையத்தில் பதிவு எழுதுவதையும் படம் போடுவதையும் அடியோடு நிறுத்தப் போகிறாயாம். இத்தனை வருட மாலைப் பொழுதும் அதிலேயே கரைந்துவிட்டதாம். போகிற போக்கில் கேமராவையும் விற்றுவிடப் போகிறாயாம். முதலாவது உன் விருப்பம். நிறுத்து, குறை, தொடர், எதுவானாலும் எனக்குச் சம்மதம். ஆனால் கேமராவை விற்காதே. உன் மாலைப் பொழுதைத் தின்றது அது இல்லை. திருடனை வெளியே விட்டுவிட்டுச் சாட்சியை உள்ளே தள்ளுகிற தீர்ப்பாக இருக்கிறது இது.

நேரம் எங்கே போனது என்று நீ கணக்குப் போட்டுப் பார்த்தாயா தெரியவில்லை. விடுமுறைக்கு நீ இங்கே வந்திருந்தபோது நான் பார்த்தேன். விடிவதற்கு முன் கேமராவோடு கிளம்பினாய், வெயில் ஏறுவதற்குள் திரும்பினாய். அதை வீண் என்று யாரும் சொல்ல முடியாது. வந்ததும் படங்களைக் கணினியில் ஏற்றி, தேறியதைப் பொறுக்கி, சாய்ந்திருந்த அடிவானத்தை நிமிர்த்தினாய். படமெடுக்கிறவனுக்கு அது பாதி வேலை. பிறகு உட்கார்ந்து நாலு பத்தி எழுதினாய். எழுதும்போது உதட்டைக் கடித்துக்கொண்டு, உனக்குள் சிரித்துக்கொண்டு, கூப்பிட்டால் காது கேட்காமல் இருந்தாய். சந்தோஷமாகத்தான் இருந்தாய்.

பதிவை ஏற்றிய பிறகுதான் வேறு ஆளாக மாறினாய். சாப்பிடும்போது போனை மேசைமேல் கவிழ்த்து வைப்பாய். பேச்சின் நடுவே கட்டைவிரலால் அதன் ஓரத்தை நெம்பி, திரை தெரிகிற அளவுக்கு மட்டும் தூக்கி, எத்தனை பேருக்குப் பிடித்திருக்கிறது என்ற எண்ணைப் பார்த்துவிட்டு மறுபடி கவிழ்ப்பாய். ஏறியிருந்தால் அப்பாவின் நகைச்சுவைக்குக்கூடச் சிரிப்பாய். ஏறாவிட்டால் நான் எதைக் கேட்டாலும் 'ம்' என்று பதில் வரும். படமெடுக்க ஒரு மணி நேரம், எழுத ஒரு மணி நேரம் என்று சொல்ல முடிகிறது. காத்திருந்ததற்கு மட்டும் உன்னால் கணக்குச் சொல்ல முடியாது, ஏனென்றால் அது மற்ற எல்லா வேலைக்குள்ளும் புகுந்து உட்கார்ந்திருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. போகப் போக அந்த எண்தான் உனக்குப் படம் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. ஒரு முறை சூரிய அஸ்தமனம் போட்டாய், கூட்டம் கூடியது. அதன் பிறகு மாதக்கணக்கில் அஸ்தமனம்தான். ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஆரஞ்சு. அஸ்தமனம் நல்ல காட்சிதான், நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதை எடுக்க நீ வேண்டியதில்லை, யார் நின்றாலும் அப்படித்தான் விழும். அதற்கு முன்னால் நீ எடுத்த படங்கள் எனக்கு நினைவிருக்கின்றன. பழைய கதவின் தாழ்ப்பாள், கண்ணாடி தேடுகிற அப்பாவின் கை, படிக்கட்டில் கிடந்த ஒற்றைச் செருப்பு. அவற்றை யாரும் சீண்டவில்லை என்று நீயும் விட்டுவிட்டாய்.

இந்தக் கலையே காத்திருப்போடு பிறந்ததுதான், தம்பி. ஆனால் அது வேறு வகைக் காத்திருப்பு. 1888-இல் அமெரிக்கரான ஜார்ஜ் ஈஸ்ட்மன் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் கோடாக் கேமராவுக்குள் 100 படங்களுக்கான சுருள் இருந்தது. எடுத்து முடித்ததும் கேமராவையே தொழிற்சாலைக்கு அனுப்பிவைக்க வேண்டும். அவர்கள் சுருளைக் கழுவி, பிரிண்ட் போட்டு, புதுச் சுருள் மாட்டித் திருப்பி அனுப்புவார்கள். நான் படமெடுத்த காலத்தில் சுருளுக்கு 36 படம். ஒன்றை எடுத்தால் ஒன்று குறையும் என்ற நினைப்பிலேயே பாதிப் படங்களை எடுக்காமல் கேமராவை இறக்கியிருக்கிறேன். அதில் எனக்கு நஷ்டம் எதுவும் தெரியவில்லை.

குளியலறைதான் என் இருட்டறை என்பது உனக்கு மங்கலாக நினைவிருக்கலாம். கதவிடுக்கில் கறுப்புத் துணியைச் செருகிவிட்டு, கும்மிருட்டில் விரல் தடவித் தடவிச் சுருளைத் தொட்டிக்குள் ஏற்றுவேன். பிரிண்ட் போடும்போது மட்டும் சிவப்பு விளக்கு. படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பர் கரைசலுக்குள் தாளை விட்டுத் தட்டை மெதுவாக ஆட்டிக்கொண்டிருந்தால், முதலில் தலைமுடி வரும், பிறகு கண்ணின் கறுப்பு, கடைசியில்தான் கன்னம். கறுப்பான இடம் முந்தும், வெளுப்பான இடம் பிந்தும். அந்த நேரத்தில் நீ கதவைத் தட்டுவாய். திறந்தால் தாள் போச்சு. அதனால் உள்ளே இருந்தபடியே உனக்குக் கதை சொல்லி உட்காரவைத்திருக்கிறேன்.

படம் எடுத்ததற்கும் அதைப் பார்த்ததற்கும் நடுவே வாரங்கள் ஓடிவிடும். அதற்குள், எடுத்தபோது இருந்த பரவசம் வடிந்திருக்கும். கையில் இருப்பது படம் மட்டும்தான். விடிகாலையில் எழுந்தேன், மலை ஏறினேன், கால் வலித்தது என்பதெல்லாம் அந்தத் தாளில் இருக்காது. நன்றாக இருந்தால் நன்றாக இருக்கும், இல்லாவிட்டால் இல்லை. அமெரிக்கத் தெருக்களைப் படமெடுத்த கேரி வினோகிராண்ட் இதை ஒரு பழக்கமாகவே வைத்திருந்தார். எடுத்த சுருளை உடனே கழுவ மாட்டார், ஓராண்டுக்கு மேல்கூடக் கிடப்பில் போடுவார். எடுத்த கணத்தின் மனநிலை மறந்தால்தான் படத்தை எடைபோட முடியும் என்பது அவர் எண்ணம். 1984-இல் அவர் இறந்தபோது கழுவாத சுருள்களே சுமார் 2,500 இருந்தன. அவ்வளவு தூரம் நீ போக வேண்டாம்.

உன்னிடம் நான் கேட்பது அந்த இடைவெளியை மட்டும்தான். இன்று எடுத்ததை இன்றே யாருக்கும் காட்டாதே. ஒரு மாதம் கிடக்கட்டும். கேமராவின் நினைவக அட்டையிலிருந்து கணினிக்கு மாற்று, திறக்காதே. மாதம் கழித்துத் திறந்து பார்க்கும்போது, காட்ட வேண்டியது எது என்று உனக்கே தெரிந்துவிடும். காட்டவே வேண்டாம் என்றும் தோன்றலாம். அதுவும் சரிதான்.

யாருக்கும் காட்டாமலே இருந்துவிடு என்று சொல்கிறேன் என நினைக்காதே. விவியன் மேயரைப் பற்றி நீதான் எனக்கு முதலில் சொன்னாய். சிகாகோவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்துகொண்டே, கழுத்தில் ரோலிஃப்ளெக்ஸ் கேமரா தொங்க, 1,00,000-க்கு மேல் படங்கள் எடுத்தவர். வாடகை கட்டாததால் அவருடைய பெட்டிகள் 2007-இல் ஏலத்துக்குப் போயின. 2009-இல் அவர் இறந்த பிறகுதான் உலகம் அவரைத் தெரிந்துகொண்டது. புகழுக்கு ஏங்காத தூய கலைஞர் என்று அவரைக் கொண்டாடுகிறார்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. அவர் எடுத்த சுருள்களில் ஏராளமானவற்றை அவரே பார்த்ததில்லை. நாலு பேர் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொன்னால் மனிதருக்கு நல்லதுதான். நாலு பேர் என்றால் நாலு பேர். நீ நாலாயிரம் பேருக்கு ஆசைப்பட்டாய், அதுதான் வம்பு.

இப்போது அப்பா. மனிதர் தினமும் காலையில் குறுக்கெழுத்துப் போடுகிறார். இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்று முனகிக்கொண்டே கட்டம் கட்டமாக நிரப்புவார். கடைசிக் கட்டம் நிறைந்ததும் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு எழுந்து போய்விடுவார். அந்தத் தாள் அன்று மாலையே அலமாரித் தட்டில் விரிக்கப் போய்விடும். இத்தனை வருடத்தில் ஒரு நாளாவது முடித்த கட்டத்தை என்னிடம் காட்டியிருப்பாரா? மறுநாள் வரும் விடையைக்கூடச் சரிபார்க்க மாட்டார். "எனக்குத் தெரியுமே, சரிதான்" என்பார். திமிர் என்று நினைத்திருந்தேன். உன் கடிதத்தைப் படித்த பிறகு, அந்தத் திமிரில் கொஞ்சம் உனக்கும் வந்திருக்கலாமே என்று தோன்றுகிறது.

சரி, தொழில் பேசுவோம். போன வாரம் முழுக்க மழை. துணிக்கொடிக் கம்பியில் துளிகள் வரிசையாகத் தொங்கின. கிட்டே போய்ப் பார்த்தால் ஒவ்வொரு துளிக்குள்ளும் எதிரே இருக்கும் மரமும் மதிலும் தலைகீழாக நிற்கின்றன. துளியே ஒரு லென்ஸ்தான். அதை எடுப்பது அவ்வளவு எளிதில்லை. துளியின் விளிம்பில் ஃபோகஸ் வைத்தால் உள்ளே இருக்கும் மரம் மங்கும், மரத்தில் வைத்தால் விளிம்பு மங்கும். இரண்டுக்கும் நடுவே மில்லிமீட்டர் கணக்கில்தான் தூரம், ஆனால் லென்ஸின் வாய் அகலத் திறந்திருக்கும் எஃப் 2.8-இல் அதுவே போதும் கெடுப்பதற்கு. அந்த வாயை, அதாவது அபர்ச்சரை, எஃப் 11-க்குச் சுருக்கினால் இரண்டும் ஓரளவு தெளியும், ஆனால் வெளிச்சம் 16-இல் ஒரு பங்காகிவிடும். 1/250 வினாடியில் எடுத்ததை 1/15 வினாடிக்கு இறக்க வேண்டும். அதற்குள் காற்று கம்பியை ஆட்டிவிடும். காற்று நிற்கும் என்று நான் முழங்கால் நோக நிற்க, துளி உதிர்ந்து விழுந்துவிடும். பிறகு அடுத்த துளி. காலைப் பொழுது அப்படியே போனது. உருப்படியாக ஒன்றுதான் தேறியது. அதிலும் மதில் கொஞ்சம் கோணல்.

இப்படிக் கிட்டே போவதற்கு இன்னொரு பலனும் உண்டு. அமெரிக்காவில் லிண்டா ஹென்கெல் என்ற உளவியலாளர் அருங்காட்சியகத்துக்கு மாணவர்களை அழைத்துப்போய்ச் சோதித்து, 2014-இல் வெளியிட்டார். முழுதாகப் படமெடுத்த பொருள், சும்மா பார்த்த பொருளைவிடக் குறைவாகவே அவர்கள் நினைவில் நின்றது. கேமரா வைத்துக்கொள்ளும் என்று மனம் ஒதுங்கிவிடுகிறது போலும். ஆனால் ஒரு பொருளின் ஏதோ ஒரு பகுதியை மட்டும் நெருக்கி எடுத்தபோது நினைவு குறையவில்லை. நெருக்கி எடுக்காத மற்றப் பகுதிகளும் நினைவில் இருந்தன. அதைப் படித்ததும் உன் தாழ்ப்பாள் படம்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

வில்சன் பென்ட்லி என்றொரு விவசாயி அமெரிக்காவின் வெர்மான்ட்டில் இருந்தார். நுண்ணோக்கியையும் கேமராவையும் பிணைத்து, 1885-இல் ஒற்றைப் பனிப்படிகத்தைப் படமெடுத்தார். 1931-இல் சாகும் வரை 5,000-க்கு மேல் எடுத்துவிட்டார், எல்லாம் பனிப்படிகம். நீயும் ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளேன். ஒரே லென்ஸ், 50 மில்லிமீட்டர் போதும். தாழ்ப்பாள்களையே எடு, எனக்குச் சம்மதம்.

எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உன் பதிவுகளில் நன்றாக இருந்தவை எல்லாம் நீ வாரக்கணக்கில் வைத்துத் திருத்தியவை. தினம் ஒன்று என்று சபதம் எடுத்துக்கொண்டு எழுதிய காலத்தில் எழுதியவற்றை நான் முழுதாகப் படிக்கவில்லை, இப்போது சொல்லிவிடுகிறேன். எழுதுவதை நிறுத்தாதே, தேதி வைத்து எழுதுவதை நிறுத்து. ஒவ்வொரு பிரிண்டின் பின்னாலும் யார், எங்கே, எந்த வருடம் என்று பென்சிலால் எழுதிப் பழகு. பேனா வேண்டாம், மை மறுபக்கம் ஊறும்.

மூடுவதென்று முடிவு செய்தால், அவசரப்பட்டு அழிப்புப் பொத்தானை அமுக்காதே. முதலில் எல்லாவற்றையும் இறக்கிக்கொள், படத்தை மட்டுமில்லை, எழுத்தையும். 2009-இல் ஜியோசிட்டீஸ் என்ற இணையப் பக்கங்கள் கட்டும் தளம் மூடப்பட்டபோது 1990-களிலிருந்து மக்கள் கட்டிவைத்திருந்த லட்சக்கணக்கான பக்கங்கள் மறைந்தன. சில தன்னார்வலர்கள் முந்திக்கொண்டு பிரதி எடுத்ததால் ஒரு பகுதி பிழைத்தது. உனக்கு அப்படி யாரும் வர மாட்டார்கள். இணையத்தில் நீ ஏற்றியவை சுருக்கிய படங்கள், அவற்றை நம்பி மூலத்தை அழித்துவிடாதே. படங்களைச் சுருக்கிச் சேமிக்கிற ஜேபெக் (JPEG) கோப்பைத் திருத்தித் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேயும், அதனால் மூலத்தில் கை வைக்காமல் பிரதியில் வேலை செய். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு வீட்டில். அந்த வேறு வீடு நம் வீடாகவே இருக்கட்டும், அலமாரியில் இடம் ஒதுக்கிவிட்டேன்.

நீண்ட விடைபெறும் பதிவு ஒன்று எழுதுகிற யோசனை உனக்கு இருக்கும் என்று தெரியும். வேண்டாம். அதற்கு எத்தனை பேர் என்ன சொன்னார்கள் என்று பார்க்க மறுபடி போனை நெம்புவாய். 'கொஞ்ச நாள் எழுத மாட்டேன்' என்று ஒரு வரி போதும்.

இந்த மாதக் கடைசிக்குள் நீ எடுத்ததில் உனக்குப் பிடித்த பத்துப் படங்களைத் தாளில் பிரிண்ட் போட்டு எனக்கு அனுப்பு. அஸ்தமனம் ஒன்றுக்கு மேல் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். அருமை, அழகு என்றெல்லாம் எழுத மாட்டேன். எது பிடித்தது, எதில் எங்கே வெட்ட வேண்டும், எதை எடுத்திருக்கவே வேண்டாம் என்று பின்னால் பென்சிலால் குறித்து அனுப்புவேன். என் துளிப் படத்தையும் அதனோடு வைக்கிறேன், நீயும் தாட்சண்யம் பார்க்காமல் எழுது. தபாலில் மடங்கிவிடும், இரண்டு பக்கமும் கெட்டி அட்டை வைத்துக் கட்டு.

அன்புடன்,
அம்மா

பி.கு.: கேமராவை யாரிடமாவது விலை பேசியிருந்தால், அம்மா வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள் என்று சொல். ஆனால் பாதி விலைதான் தருவேன்.