ஈலை மானிங்கை எடைபோடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஓஹாயோ மாநிலம் கான்டனில் உள்ள புரோ ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேமின் தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம்.

2007 நவம்பர் 25 அன்று நியூஜெர்சியில் இருந்த பழைய ஜயன்ட்ஸ் அரங்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அமெரிக்கா வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. கூட வேலை பார்த்தவர் ஒரு டிக்கெட் மிச்சமிருக்கிறது என்று அழைத்துப் போனார். விதிகள் பாதி புரியவில்லை. ஆனால் ஒன்று நன்றாகப் புரிந்தது: நியூயார்க் ஜயன்ட்ஸின் 10-ஆம் எண் சட்டை போட்ட பையன், ஈலை மானிங், எறியும் பந்தை எதிரணிக்காரர்கள் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். அன்று அவர் கொடுத்த இன்டர்செப்ஷன் 4. அதில் 3 அப்படியே எதிரணிக்கு டச்டவுனாக (பந்தோடு கடைசிக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுப்பது) முடிந்தன. மின்னசோட்டா 41, நியூயார்க் 17. ஆட்டம் முடியும் முன்பே எங்கள் வரிசை காலியாகிவிட்டது.

சரியாகப் பத்து வாரம் கழித்து, அதே பையன் லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலின் சிறந்த வீரராக நின்றார்.

நடுவில் என்ன மாறியது என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். எதுவும் மாறவில்லை என்பதுதான் நான் வந்து சேர்ந்த இடம். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

உங்களுக்கு எழுதினாலும், இதைப் படிப்பவர்களில் பலர் இந்த ஆட்டத்தை அதிகம் பார்க்காத தமிழர்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க ஃபுட்பாலில் ஒவ்வொரு முறையும் பந்து முதலில் வந்து சேர்வது குவார்ட்டர்பேக்கின் கைக்கு. மலைபோன்ற ஆட்கள் அவரை நோக்கிப் பாய்ந்து வருவார்கள். அவர்கள் வந்து சேர்வதற்குள், ஏறக்குறைய மூன்று நொடியில், யாருக்கு எறிவது என்று அவர் முடிவெடுத்தாக வேண்டும். தன் அணியின் ரிசீவர் பிடித்தால் அணி முன்னேறும். எதிரணி பிடித்துவிட்டால் அது இன்டர்செப்ஷன். பந்து அவர்கள் வசம் போய்விடும். ஹால் ஆஃப் ஃபேம் என்பது சிறந்தவர்களைக் கௌரவிக்கும் மண்டபம், இருப்பது கான்டனில். ஓய்வுபெற்று ஐந்து ஆண்டு காத்திருந்தவரின் பெயரை இந்தக் குழு பரிசீலிக்கும். ஐந்தில் நான்கு பங்கு வாக்கு கிடைத்தால்தான் கான்டனில் இடம். ஈலை மானிங்கின் பெயர் முதன்முறை வந்தது 2025-இல். இறுதிப் பட்டியலின் 15 பேரில் ஒருவராக இருந்தார், தேர்வாகவில்லை.

அவருடைய கணக்கு உங்களுக்கு மனப்பாடமாகவே இருக்கும். 16 பருவங்கள், எல்லாமே ஜயன்ட்ஸ் அணிக்கு. 57,023 யார்டு, 366 டச்டவுன், 244 இன்டர்செப்ஷன். 117 வெற்றி, 117 தோல்வி. இரண்டு சூப்பர் பவுல், இரண்டிலும் சிறந்த வீரர். இவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே ஒருவர் 117-ஐ எடுப்பார், இன்னொருவர் இரண்டு கோப்பையை எடுப்பார். கூட்டிக் கழித்துப் பூஜ்யம் என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

குறைகளில் இருந்தே தொடங்குகிறேன். லீகிலேயே அதிக இன்டர்செப்ஷன் கொடுத்தவர் என்ற பெயரை மூன்று முறை வாங்கியவர்: 2007-இல் 20, 2010-இல் 25, 2013-இல் 27. கால் வேகம் கிடையாது. அழுத்தம் வந்தால் பின்காலில் சாய்ந்தபடி எறிவார். பந்து ரிசீவரின் தலைக்கு மேல் போகும். எறிந்ததில் போய்ச் சேர்ந்தது 60.3 சதவீதம், அவர் காலத்துப் பெரிய குவார்ட்டர்பேக்குகளோடு வைத்தால் இது குறைவு. ஆண்டின் சிறந்த அணியான ஆல்-புரோவில் ஒருமுறைகூட இடம்பெறவில்லை. கடைசி எட்டுப் பருவத்தில் கோப்பைக்கான நாக்அவுட் சுற்றான பிளேஆஃப் போனது ஒரே முறை, அதிலும் 2016 பருவத்தின் முடிவில் கிரீன் பேயிடம் 38-13 என்று தோற்றார்கள். 2010-இல் போன பந்துகளில் பல, சொந்த ரிசீவரின் கையில் பட்டு எகிறியவை. அந்தச் சமாதானம் 2013-க்குச் செல்லாது. அந்த ஆண்டு வரிசையாக ஆறு ஆட்டம் தோற்று ஆரம்பித்தது அணி. ஒவ்வொரு ஞாயிறும் பார்த்தேன், அவர் ஆட்டம் மோசமாகத்தான் இருந்தது.

இனி அந்தப் பந்துகள் ஏன் பறிபோயின என்பதற்கு வருகிறேன். 2007 முதல் 2013 வரை ஜயன்ட்ஸின் தாக்குதலை வகுத்தவர் கெவின் கில்பிரைட். அவருடைய முறையில் ரிசீவர் ஓட வேண்டிய பாதை முன்கூட்டியே முழுதாக முடிவாகியிருக்காது. எதிரணி எப்படி நிற்கிறது என்று ஓடும்போதே பார்த்து, உள்ளே வெட்டுவதா, வெளியே திரும்புவதா, அங்கேயே நின்றுவிடுவதா என்று ரிசீவர் தீர்மானிப்பார். குவார்ட்டர்பேக்கும் அதையே பார்த்து அதே முடிவுக்கு வர வேண்டும். ரிசீவர் திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே பந்து கையை விட்டுக் கிளம்பியிருக்கும். இருவரும் ஒன்றுபோலப் படித்தால், எவ்வளவு நல்ல தற்காப்பு வீரரும் அரை அடி பிந்திவிடுவார். ஒருவர் மாற்றிப் படித்துவிட்டால் பந்து யாருமில்லாத இடத்துக்குப் போகும், இல்லையென்றால் எதிரணிக்காரரின் நெஞ்சுக்கு. பிழை யாருடையதாக இருந்தாலும் ஏட்டில் ஏறுவது குவார்ட்டர்பேக் பெயரில்.

2014-இல் பென் மெக்கடூ பொறுப்பெடுத்து, சின்னச் சின்ன பாஸ்களாக ஆட்டத்தை மாற்றினார். 2014-இலும் 2015-இலும் ஈலையின் இன்டர்செப்ஷன் ஆண்டுக்கு 14 என்று இறங்கியது. டச்டவுன் 30, அப்புறம் 35. முப்பது வயதைத் தாண்டியவருக்குக் கண்ணும் கையும் திடீரென்று மேம்பட்டிருக்காது. அவரிடம் கேட்கப்பட்ட வேலை மாறியிருந்தது. அந்த இரண்டு ஆண்டும் அணி 6 வெற்றி, 10 தோல்வி. 2015-இல் லீகிலேயே அதிக யார்டு விட்டுக்கொடுத்த தற்காப்பு ஜயன்ட்ஸுடையது. தோல்விகளை எண்ணும்போது இதையும் சேர்த்து எண்ணுங்கள்.

பலத்துக்கு வருகிறேன். 2011 பருவத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் அவர் யார் என்பது எனக்கு அந்த ஆண்டில்தான் பிடிபட்டது. பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டத்தில் அந்த ஆண்டு ஜயன்ட்ஸ்தான் லீகில் கடைசி. எடுத்த புள்ளி 394, கொடுத்தது 400. இப்படிப் பற்றாக்குறையோடு பருவத்தை முடித்துவிட்டு சூப்பர் பவுல் வென்ற அணி அதற்கு முன் இருந்ததில்லை. ஓட்டமும் இல்லை, தற்காப்பும் பல வாரம் ஓட்டை. மிச்சமிருந்தது ஈலையின் கை. 4,933 யார்டு எறிந்தார். நான்காவது கால்பகுதியில் மட்டும் 15 டச்டவுன். அதுவரை யாரும் தொடாத எண்ணிக்கை.

2012 ஜனவரி 22, சான் ஃபிரான்சிஸ்கோ. மழை, சேறு, லீகின் மிகச் சிறந்த தற்காப்புகளில் ஒன்று எதிரில். 58 முறை எறிந்தார். 6 முறை பந்தோடு சாய்த்தார்கள். எறிந்து முடித்த பிறகு விழுந்த அடிகளுக்குக் கணக்கில்லை. தலைக்கவசம் கோணிக்கொண்டு, நெஞ்சுப் பட்டையில் மண்ணும் புல்லுமாக எழுந்து நின்ற முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. ஒரு இன்டர்செப்ஷன்கூட இல்லை. கூடுதல் நேரத்தில் 20-17 வெற்றி. பிடிபட்டிருக்க வேண்டிய பந்து ஒன்று இருந்தது, மறைக்கவில்லை. இரண்டு தற்காப்பு வீரர்கள் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டதால் தப்பியது. அதிர்ஷ்டம் இருந்தது. ஆனாலும், அத்தனை அடி வாங்கியவன் அடுத்த பந்தை எறியும்போது கண்ணைக் கீழே இறக்கவில்லை. எத்தனையோ திறமைசாலிகள் மூன்றாவது அடிக்குப் பிறகு ரிசீவரை விட்டுவிட்டுப் பாய்ந்து வரும் ஆட்களைப் பார்க்க ஆரம்பித்துவிடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

இரண்டு வாரம் கழித்து இண்டியானாபொலிஸில் சூப்பர் பவுல். நியூ இங்கிலாந்து 17, நியூயார்க் 15. மிச்சம் 3 நிமிடம் 46 நொடி. பந்து தங்கள் பக்கத்து 12-ஆம் யார்டில். அந்தத் தொடருக்கு முன் எதிரணிப் பயிற்சியாளர் பில் பெலிசிக் தன் ஆட்களிடம், ஜயன்ட்ஸ் ரிசீவர்களில் குரூஸையும் நிக்ஸையும் கட்டுங்கள், மானிங்ஹாமுக்கு எறிய வையுங்கள் என்று சொல்லியிருந்தார். முதல் பந்தையே ஈலை மானிங்ஹாமுக்கு எறிந்தார். இடது எல்லைக்கோட்டை ஒட்டி 38 யார்டு. ஒரு பக்கம் தற்காப்பு வீரர், பின்னாலிருந்து இன்னொருவர் வந்துகொண்டிருக்கிறார், கால் விழ ஒரு சாண் புல்தான் மிச்சம். பந்து அந்த ஒரு சாணுக்குள் இறங்கியது.

அந்த எறிதலை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று சொல்ல முடியாது. 2007-இல் மின்னசோட்டாவுக்கு எதிராகப் போன பந்துகளும் அதே ரகம்தான். நெருக்கடியான இடம், ரிசீவர் வருவார் என்ற நம்பிக்கை, முந்தின பந்து என்ன ஆனது என்பதை மனதில் வைத்துக்கொள்ளாத கை. அந்த 4 இன்டர்செப்ஷனுக்குப் பயந்து அடக்கி எறிய ஆரம்பித்திருந்தால், இந்த 38 யார்டு வந்திருக்காது. நீங்கள் பலம் என்று ஒரு பத்தியிலும் பலவீனம் என்று இன்னொரு பத்தியிலும் பிரித்து எழுதுவது ஒரே பழக்கத்தை. பிரித்து எழுதினால் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கத் தோன்றும்.

முதல் சூப்பர் பவுலையும் விட்டுவிட முடியாது. அதன் கடைசித் தாக்குதல் தொடரில், நியூ இங்கிலாந்தின் தற்காப்பு வீரர் அசான்டே சாமுவேல் கையில் விழுந்து நழுவிய பந்து ஒன்று உண்டு. பிடித்திருந்தால் நியூ இங்கிலாந்து 19 ஆட்டமும் வென்ற அணி, ஈலையைப் பற்றி யாரும் மடல் எழுதியிருக்க மாட்டார்கள். அடுத்த பந்தில்தான் இரண்டு பேர் சட்டையைப் பிடித்து இழுக்க, உருவிக்கொண்டு வெளியே வந்து எறிந்தார். கால் வேகமில்லை என்று மேலே எழுதினேனே, அதே கால்கள்தான். அந்தப் பருவம் முழுக்க 4 பந்து மட்டுமே பிடித்திருந்த டேவிட் டைரீ, அதைத் தலைக்கவசத்தோடு அழுத்திப் பிடித்தார். 17-14 என்று முடிந்தது. அன்று எதிரணிக் குவார்ட்டர்பேக் டாம் பிரேடியை 5 முறை சாய்த்த தற்காப்புக்கு அந்தக் கோப்பையில் பெரும் பங்கு உண்டு, அதை யார் மறுப்பார்கள். ஆனால் அந்த ஆண்டின் நான்கு பிளேஆஃப் ஆட்டங்களில் ஈலை 6 டச்டவுன், 1 இன்டர்செப்ஷன். 2011-இன் நான்கில் 9, 1. இரண்டு முறையும் சேர்த்து எட்டு ஆட்டம் இப்படி அமைந்ததை வெறும் அதிர்ஷ்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பழைய குவார்ட்டர்பேக் ஜிம் பிளங்கெட்டைக் காட்டுவீர்கள். அவரும் இரண்டு சூப்பர் பவுல் வென்றவர், 72 வெற்றி, 72 தோல்வி, கான்டனில் இல்லை. நியாயமான கேள்வி, இந்த மடலிலேயே எனக்குக் கஷ்டமான இடமும் இதுதான். பதிலுக்கு இன்னொரு பழைய குவார்ட்டர்பேக் ஜோ நேமத்தைக் காட்டுகிறேன். 173 டச்டவுன், 220 இன்டர்செப்ஷன், 1985 முதல் உள்ளே இருக்கிறார். காலம் வேறு, விதிகள் வேறு என்பது சரிதான். ஆனால் அவருக்கு இடம் கொடுத்தவர்கள் சராசரியைப் பார்க்கவில்லை, 1969 ஜனவரியில் சூப்பர் பவுலில் பால்டிமோரை வீழ்த்திய அந்த ஒரு மதியத்தைப் பார்த்தார்கள். ஈலைக்கு அப்படி இரண்டு இரவு இருக்கிறது. பிளங்கெட்டுக்கு இல்லாத ஒன்றும் இருக்கிறது: 2004 நவம்பரிலிருந்து 2017 நவம்பர் வரை, ஒரு ஆட்டம்கூட விடாமல் 210 ஆட்டம் தொடர்ச்சியாகத் தொடக்க வீரராக ஆடியவர். தோளில் அடிபட்டும் ஆடினார், பாதத்தில் வலியோடும் ஆடினார். ஒரு அணிக்கு ஒவ்வொரு வாரமும் குவார்ட்டர்பேக் இருக்கிறார் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று, அது இல்லாத அணிகளின் ரசிகர்களைக் கேளுங்கள்.

அந்தத் தொடர் முடிந்தது காயத்தால் அல்ல. பயிற்சியாளர் மெக்கடூ அவரை உட்கார வைக்க முடிவெடுத்தார். வேண்டுமென்றால் தொடக்கத்தில் மட்டும் ஆடு, கணக்கு உடையாமல் இருக்கும், நடுவில் மாற்றிக்கொள்கிறோம் என்றார்கள். ஈலை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வீரரின் குணத்தை நீங்கள் கணக்கில் எடுக்கக் கூடாது, களத்தில் நடந்ததை மட்டுமே பார்க்க வேண்டும் என்பது உங்கள் விதி. தெரியும். எனக்கு இது களத்தில் நடந்ததாகவே படுகிறது.

முதல் ஆண்டிலேயே அவருக்குக் கதவு திறந்திருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவருக்கு முன்னால் நிற்கத் தகுதியானவர்கள் இருந்தார்கள். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்தமுறை அவர் பெயர் மேசைக்கு வரும்போது, எண்களை மூடி வைத்துவிட்டு ஒரு ஆட்டத்தை முழுதாகப் பாருங்கள். சூப்பர் பவுல் வேண்டாம், அதை எல்லோரும் பார்த்துவிட்டார்கள். 2019 டிசம்பர் 15, மயாமிக்கு எதிரான ஆட்டம். அவர் தொடக்க வீரராக ஆடிய கடைசி ஆட்டம் அது. மோசமான அணி, குளிர்ந்த மதியம், 38 வயது. 3 இன்டர்செப்ஷன் கொடுத்தார், 2 டச்டவுன் எறிந்தார், 36-20 என்று வென்றார்கள். மூன்றாவது பந்து பறிபோன பிறகும் அவர் எங்கே எறிந்தார் என்று பாருங்கள். ஆட்டம் முடியச் சுமார் இரண்டு நிமிடம் இருக்கும்போது அவரை வெளியே அழைத்தார்கள். அரங்கம் எழுந்து நின்றது. நானும் மேல்தளத்தில், இந்தமுறை என் சொந்த டிக்கெட்டில், எழுந்து நின்றேன்.

அன்புடன்,
நியூஜெர்சியிலிருந்து ஒரு ஜயன்ட்ஸ் ரசிகர்